முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு

என் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில், பனிக்காலத்தில் காருக்குப் போடுகிற நான்கு வின்ரர் ரயர்கள் றிம்மோடு அடுக்கிக் கிடக்கின்றன. கீழே இரண்டு ஒடுக்கமானவை, மேலே இரண்டு அகலமானவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சோக்கால் தமிழில் எழுதியிருக்கிறது: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. எழுத்து என் மச்சாளுடையது. மேல் ரயரின் குழிக்குள் ஒரு சின்னத் தலையணை சொருகியிருக்கிறது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. மொன்றியலின் பியர்போன்ஸ் பகுதியில் ஒரு ரயர் கடையின் கவுண்டரில் இத்தனை வருடமாக நின்று, ஆயிரம் பேருக்கு எந்தக் காருக்கு எந்த ரயர் என்று சொல்லிக்கொடுத்தவளுக்குக் கார் ஓடத் தெரியாது என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். உடுப்புத் தோய்க்க இறங்கும்போதெல்லாம் அந்த ரயர்களைச் சுற்றித்தான் நடக்கவேண்டும். இடத்தை அடைக்கிறது என்று எனக்கு நானே புறுபுறுத்துக்கொள்வேன். ஆனாலும் சோக்கு அழிந்துவிடாமல் ஒதுங்கித்தான் நடக்கிறேன்.

மச்சாள் என்றால் என் தம்பியின் மனைவி. நானும் அவளுக்கு மச்சாள்தான், அவளும் எனக்கு மச்சாள்தான். தம்பிதான் என்னை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்கு எடுத்தவன். எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை, அவர்களுக்குப் பிள்ளைகள் வாய்க்கவில்லை. ஆகவே ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீடும், இரண்டு தெரு தள்ளி என் வீடுமாக, மூன்று பேரும் ஒரு குடும்பம் என்று இருந்தோம். போன வருடம் இளவேனிலில், மரங்கள் துளிர்க்கிற நேரம், தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழும்பவில்லை. அவனை விட வயதில் மூத்தவள் நான் இருக்க அவன் போனது அநியாயம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அவன் விட்டுப்போனதில் பெரியது அந்தக் கார். நீல நிறம், இரண்டு கதவு, பின்சக்கரம் தள்ளுகிற கார். எத்தனையோ வருடம் வேலை, வீடு, வேலை என்று ஓடியவன் ஐம்பது வயதில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட கார்களுக்குக் கொம்பனி நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு ரயர் போடுவதில்லை. முன்னுக்கு ஓர் அகலம், பின்னுக்கு அதைவிடப் பெரிய அகலம். எஞ்சினின் பலம் முழுவதும் பின்சக்கரத்தில் இறங்குவதால், கார் வேகத்தில் போகும்போது நிலத்தைப் பிடித்து நிற்கவேண்டியது பின்பக்கம்தான். தம்பி அந்தக் காரைப் பனிக்கு வெளியே எடுத்ததே இல்லை. கார்த்திகை பிறந்தால் போர்வை போட்டுக் கராஜில் மூடிவிட்டு, ஒரு பழைய சின்னக் காரில் வேலைக்குப் போவான். கோடையில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு சுற்று. பின் சீற்றில் எனக்கு முழங்கால் நாடியில் முட்டும். கார் நூறைத் தொடும்போது அவன் முகத்தில் ஒரு அமைதி வரும், மச்சாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். நான் பின்னாலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடை எப்போது வரும் என்று கேட்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மச்சாளின் அக்கா ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தவள், எல்லார் முன்னாலும் கதையைத் தொடங்கினாள். இங்கே தனிய இருந்து என்ன செய்யப் போகிறாய், வீட்டை வித்துப்போட்டு எங்களோடு வந்திரு, கீழ் அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள். காரை விற்கச் சொல்லாத ஆளே அன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. பெண்பிள்ளை ஓடுகிற காரா இது என்று ஒருவர். பனியில் இது பம்பரமாகச் சுற்றும் என்று இன்னொருவர். பழைய சின்னக் காரோ உப்புத் தின்று அடித்தட்டு ஓட்டையாகி, அந்தச் சித்திரையோடு பழைய இரும்புக்குப் போய்விட்டது. மச்சாளுக்கு வேலை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், கல்லூரிச் சமையலறையில். அவளுக்கும் ஓடத் தெரியும் என்றாலும் அதுவரை தம்பிதான் கொண்டுபோய் இறக்கிவிடுவான். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வேலை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அக்கா வீட்டுக் கீழ் அறைதான். மச்சாள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இந்த வின்ரரை ஒருக்காப் பாப்பம். இந்தக் காரை ஓடி வேலைக்குப் போய்வர ஏலுமெண்டால் இருப்பன். ஏலாட்டி வாறன்." எல்லாரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். அவளும் போய்விட்டால் இந்த ஊரில் என்னை மச்சாள் என்று கூப்பிட ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

டிசம்பர், எங்கள் கணக்கில் மார்கழி, பிறந்தால் வின்ரர் ரயர் இல்லாமல் இந்தக் கெபெக் மாகாணத்தில் கார் ஓடக்கூடாது, சட்டம். ஆகவே எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. கார் மாறினாலும் மிஞ்சுகிற வின்ரர் ரயரை எறியமாட்டார்கள். யாராவது புதிதாக வந்தால், யாருக்காவது கஷ்டம் என்றால், கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஊரில் செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதுபோல இங்கே ரயர். துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓடுகிற எங்கள் ஒன்றுவிட்ட அண்ணை தன்னிடம் நல்லதாக இரண்டு இருக்கிறது என்றார். தம்பியோடு வேலை செய்த ஒருவர் தன் வீட்டிலும் இரண்டு கிடக்கிறது என்றார். அவர்கள் இருவரின் கார்களும் தம்பியின் காரும் ஒரே கொம்பனியின் கார்கள், ஆணி துளை எல்லாம் சரியாக ஒத்துவந்தது. இரண்டு சோடியும் பதினெட்டு அங்குலம். அண்ணை புதியதாகத் தெரிந்த தன் இரண்டையும் முன்னுக்குப் போட்டார், மற்றவருடைய தேய்ந்த இரண்டைப் பின்னுக்கு. ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே காரியம் முடிந்தது. நான் அன்றைக்குக் கடையில் நின்றேன். கார்த்திகை மாதத்தில் ரயர் கடைக்காரிக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. எல்லாம் முடிந்தபிறகு மச்சாள் போனில் சந்தோஷமாகச் சொன்னாள், அண்ணை ஆக்கள் ரயர் போட்டுத் தந்திட்டினம் என்று.

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் மச்சாள் வேலையிலிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கவுண்டருக்கு முன்னால் வந்து சொல்லத் தொடங்கினாள். நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஒரு லொறியை முந்த வெளியே எடுத்திருக்கிறாள். முன்பக்கம் சொன்னபடி திரும்பியது, பின்பக்கம் இழுபட்டுத் தன்பாட்டில் வெளியே போனது. பிரேக்கை மிதிக்காமல் கால் எடுத்ததால் தப்பினாள். அதை அவள் வீரமாகச் சொல்லவில்லை. பெரிய தப்புச் செய்துவிட்டு வந்த பிள்ளைபோல நின்றாள். "இவரிட்டை இது ஒருநாளும் இப்பிடிச் செய்யேல்லை" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. கார் வழுக்கியதற்காக அல்ல அவள் அப்படி நின்றது. தம்பியின் கையைத் தெரிந்த கார் தன் கையை வேண்டாம் என்கிறது என்று நினைத்துவிட்டாள்.

எங்கள் மெக்கானிக் பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரர், தம்பியின் உயரம். கோடையில் தம்பி வந்தால் இரண்டு பேரும் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பாஷையில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அவர் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். ஓட்டுநர் சீற்றில் ஒரு சின்னத் தலையணை இருந்தது. தம்பி கடைசியாக இருந்த இடத்திலிருந்து சீற்றை அசைக்க மச்சாளுக்கு மனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துத்தான் கால் எட்டி ஓடிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அதைப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்துப் பின் சீற்றில் வைத்துவிட்டு ஏறினார். நான் பக்கத்தில், மச்சாள் பின்னால், அந்த முழங்கால் முட்டுகிற இடத்தில். எண்பது வரைக்கும் கார் ஒழுங்காகப் போனது. தொண்ணூறு தாண்டி, வயல்வெளியில் காற்று குறுக்கே அடித்தபோது, எனக்கே இருக்கையில் தெரிந்தது. முன் பாதி ஒரு முடிவு எடுக்கிறது, பின் பாதி யோசித்து யோசித்துப் பின்னால் வருகிறது. வழுக்குகிற காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு முன்னால் மினுங்கி மினுங்கி அணைந்தது. மெக்கானிக் வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிவாயிலில் இறங்கி, கடைக்குத் திரும்பினார். சீற்றைத் தொடாமல் இறங்கி, தலையணையைப் பழைய இடத்தில் வைத்தார்.

பிறகு காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். அட கோதாரி, ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை ஒருவரும் வாசிக்கவில்லை. பதினெட்டு அங்குலம் என்பது றிம்மின் அளவு. ரயரின் அகலம் வேறு, உயரம் வேறு. அகலமாக இருக்கவேண்டிய பின்சக்கரத்தில் முன்னதைவிட ஒடுக்கமான ரயர். அதுவும் ஒரு விரற்கடை உயரம் குறைவு. நான்கு சக்கரமும் ஒரே கணக்கில் சுற்றவில்லையென்றால், காரைச் சறுக்காமல் காக்கிற கம்பியூட்டருக்கு எது வழுக்குகிறது எது சும்மா சுற்றுகிறது என்று தெரியாது, அதுதான் மஞ்சள் விளக்கு. போதாக்குறைக்குப் பின் ரயர் மெதுவான ஓட்டத்துக்கென்று செய்த மெல்லிய பக்கவாட்டு ரப்பர். நூறில் போகும்போது சக்கரம் ஒரு பக்கம் நிற்க ரப்பர் மறுபக்கம் சாயும். புதியதை முன்னுக்குப் போட்டது நல்ல மனம்தான், ஆனால் நல்ல பிடி முன்னுக்கும் கெட்ட பிடி பின்னுக்கும் இருந்தால் பின்பக்கம்தான் முதலில் கைவிடும். இதையெல்லாம் நான் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனேன். மச்சாள் கேட்டாளோ தெரியாது, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் நான் விளக்கத்தை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "உம்மட கையில பிழையில்லை, மச்சாள். ரயரிலதான் பிழை" என்றேன். அவள் அழுதாள். தம்பி செத்த வீட்டில் அழாதவள், எங்கள் கடையில், சக்கர ஆணி கழற்றுகிற சத்தத்துக்கு நடுவில் நின்று அழுதாள்.

அளவு பார்க்க நானும் மெக்கானிக்கும் அன்றைக்கு நிறைய மினக்கெட்டோம். பனிக்கு ரயர் ஒடுக்கமாக இருப்பது நல்லது, பனியை வெட்டிக்கொண்டு நிலத்தைத் தொடும். அகலமான ரயர் பனியின் மேல் மிதக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சி ஒடுக்கினால், பனி இல்லாத காய்ந்த குளிர் ரோட்டில், வேகத்தில், கார் அலையும். மொன்றியலில் பனிக்காலம் என்றாலும் நெடுஞ்சாலை பாதிநாள் காய்ந்துதான் கிடக்கிறது. நான்குக்கும் ஒரே அளவு போட்டால் லேசு என்றார் மெக்கானிக். எனக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்கு இந்தக் கார் தம்பியின் கார்போலவே ஓடவேண்டும், இல்லையென்றால் அவள் இங்கே இருக்கமாட்டாள். கடைசியில் கோடை அளவைவிட ஒரு படி ஒடுக்கி, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டோம். முன்னுக்கு இருநூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர் அகலம், பின்னுக்கு இருநூற்று அறுபத்தைந்து, நான்கும் ஏறக்குறைய ஒரே உயரம், இறுக்கமான பக்கவாட்டு, நான்கும் றிம்மோடு புதிது. என் வாழ்க்கையில் வேறு எந்த எண்ணுக்கும் நான் அவ்வளவு யோசித்ததில்லை.

தந்த ரயரைத் திருப்பிக் கொடுப்பதுதான் ரயர் போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. செத்த வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மச்சாள் நான்கையும் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவித் துடைத்தாள். பிறகு, வந்த பாத்திரத்தை வெறுமையாய் அனுப்பக்கூடாது என்று, ஒவ்வொரு றிம்மின் குழிக்குள்ளும் ஒரு பை பயத்தம் பணியாரம் வைத்துக் கட்டினாள். அப்படி ஒரு ரயரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அண்ணை பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "பதினெட்டு எண்டால் பதினெட்டுத்தானே" என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தார். பிறகு விட்டுவிட்டார்.

அந்த வின்ரர் எனக்கு நல்ல வின்ரர். மச்சாள் வேலைக்குப் போனாள், வந்தாள். தை மாதத்திலிருந்து இரண்டு கிழமைக்கொருக்கால் ரொறொன்ரோவுக்கும் போய்வரத் தொடங்கினாள். வந்ததும் என் வீட்டு மேசையில் இருந்து, கார் எப்படி ஓடியது என்று தம்பியைப்போலவே சொல்வாள். காற்று அடிக்கிற இடத்திலும் நேரே போச்சுது, லொறி தாண்டேக்கையும் அசையேல்லை, பக்கத்தில வச்ச தேத்தண்ணி தளம்பேல்லை. நான் அடுத்த நாள் கடையில் அதை மெக்கானிக்கிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்வேன், இரண்டு பேரும் பெருமைப்படுவோம். பங்குனியில் ஒருநாள் அவள் என்னைக் கடைக்குக் கொண்டுபோய் இறக்கியபோது சீற்றைப் பார்த்தேன். தலையணை இல்லை. சீற்றை முன்னுக்கு இழுத்து, தன் உயரத்துக்குச் சரியாக வைத்திருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது நல்ல அறிகுறி என்றுதான் நினைத்தேன், நல்ல அறிகுறிதான், ஆனால் எதற்கான அறிகுறி என்று நான் யோசிக்கவில்லை.

சித்திரையில் கோடை ரயர் மாற்ற வந்தாள். கழற்றிய ரயர் ஒன்றோடொன்று மாறிவிடக்கூடாது என்று கடைச் சோக்கை வாங்கித் தானே குந்தியிருந்து எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள், ரொறொன்ரோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது, அக்கா வீட்டில் அல்ல, தனியாக ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் பார்த்துவிட்டேன் என்று. காருக்கும் தரிப்பிடம் உண்டாம். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். பக்கத்தில் நின்றதால் என் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். ஏலாவிட்டால்தானே போவேன் என்றீர், இப்போது ஏலுமாகிவிட்டதே என்று கேட்டேன். சோக்கைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்று சொன்னாள்: "ஏலாமல் போயிருந்தால் அக்கான்ரை கீழ் அறைக்குப் போயிருப்பன், மச்சாள். ஏலுமெண்டபடியால்தான் போறன். அந்த வீட்டில ஒவ்வொரு கதவிலயும் அவர் நிக்கிறார்." எனக்கு அவன் நிற்கிற கதவுகள்தான் வேண்டியிருந்தன. கோடை ரயருக்குக் காற்று எவ்வளவு அடிக்கவேண்டும் என்று மெக்கானிக்கிடம் கேட்கப் போனேன்.

புறப்படுகிற நாளில், சின்ன அப்பார்ட்மென்டில் ரயர் வைக்க இடமில்லை என்று நான்கையும் என் நிலவறைக்குக் கொண்டுவந்து இறக்கினாள். ஐப்பசிக்குள் வந்து இங்கேயே மாற்றிக்கொண்டு போவதாகச் சொன்னாள். மேல் ரயரின் குழிக்குள் அந்தத் தலையணையைச் சொருகினாள். "வெறுமையாய் வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். நீலக் கார் தெருமுனையில் திரும்பியபோது பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் திரும்பின. வேலையில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த ஐப்பசி முழுக்க, அவள் வருவாள் என்று, நான் சனிக்கிழமைகளில் கடை விட்டால் வேறெங்கும் போகவில்லை. பயத்தம் பணியாரத்துக்கென்று பயறு வறுத்து மா இடித்து வைத்தேன். ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. போன கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் வாசல் வரைக்கும் நிற்க, போன் வந்தது. மச்சாள்தான். பின்னால் காற்றுத் துப்பாக்கியால் ஆணி கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு கணம் எங்கள் கராஜுக்குள்தான் நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். "மச்சாள், இஞ்சை பனி கொட்டத் தொடங்கிட்டுது. ஒரு ரயர் கடையில நிக்கிறன். இவங்கள் நாலுக்கும் ஒரே அளவு போடலாமாம். நீங்கள் போட்ட அளவு என்ன?" என்றாள். நான் வரிசையில் நின்றவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன். அவளே சொன்னாள், "ரயர் எடுக்கவெண்டு அவ்வளவு தூரம் வரேலாதுதானே. லீவும் இல்லை. அதுகளை ஆருக்கும் தேவைப்பட்டால் குடுங்கோ." இங்கேயானால் சட்டம் அவளை மார்கழிக்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் அவரவர் விருப்பம். கட்டாயம் இல்லாத இடத்திலும் அவள் நினைத்துப் போடுகிறாளே என்று பார்த்தால், அதை அவளுக்குப் பழக்கியதும் நான்தான்.

பிழையான அளவு சொல்ல எனக்குத் தெரியாது. முன்னுக்கு இருநூற்று முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, பதினெட்டு என்றேன். பின்னுக்கு இருநூற்று அறுபத்தைந்து, நாற்பது, பதினெட்டு என்றேன். நாலுக்கும் ஒரே அளவு போட விடாதையும், அகலமானது பின்னுக்கு, நேரே போகவேணுமெண்டால் பின்பக்கம்தான் பிடிக்கவேணும் என்றேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் நின்றவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "உங்களுக்கு இன்னும் பாடமே?" என்று ஆச்சரியப்பட்டாள். ஓம், மனப்பாடம் என்றேன். பேந்து போன் எடுக்கிறன் என்று சொல்லி வைத்துவிட்டாள். வரிசையில் முதலில் நின்ற மனிதர் தன் காரின் ரயர் அளவு தெரியாது என்றார், வெளியே போய்ப் பக்கவாட்டில் பார்த்துவரச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நிலவறைக்கு இறங்கி, உடுப்பை மெஷினில் போட்டேன். ரப்பர் ஒரே பக்கம் அமர்ந்து கிடந்தால் பழுதாகும், இடைக்கிடை புரட்டி அடுக்கவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிறவள் நான். தலையணையை எடுத்து மெஷினின் மேல் வைத்தேன். ஒவ்வொரு ரயராக உருட்டி இறக்கி, சோக்கு எழுத்தில் கை படாமல், கீழே இருந்ததை மேலே, மேலே இருந்ததைக் கீழே மாற்றினேன். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. மூச்சு வாங்கியது. தலையணையைத் திரும்ப மேல் ரயரின் குழிக்குள் வைத்துவிட்டு, உடுப்பு தோய்ந்து முடியும்வரை அதன் பக்கத்தில் இருந்தேன்.